வாக்கு வாங்கும் வண்டி

உத்திராபதியின் அம்பாசிடர் கார் கல்யாணத்தன்று நிற்கும். மற்ற நாட்களில் நிற்காது என்று நினைத்துவிடாதீர்கள், அப்போதும் நிற்கும். ஆனால் கல்யாணத்தில் நிற்பதற்கு ஒரு மரியாதை இருந்தது.

சிதம்பரத்தில் அவர் குடும்பத்துப் பெண் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்பு அந்த வண்டியில்தான். ஓட்டுவதும் உத்திராபதிதான். மேல வீதிப் பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு மாப்பிள்ளையைப் பின் சீட்டில் உட்கார வைப்பார்கள். நாகஸ்வரமும் தவிலும் முன்னே போகும், வண்டி நடை வேகத்தில் பின்னே உருளும். உருண்டுகொண்டே போய் நடுத்தெருவில் எங்காவது ஓர் இடத்தில் பொசுக்கென்று நின்றுவிடும். உடனே பெண்ணுக்கு அண்ணன் தம்பி முறையாகிறவர்கள் எல்லாம் வண்டிக்குப் பின்னால் போய் டிக்கியில் கை வைப்பார்கள். வைப்பார்களே தவிர, தள்ள மாட்டார்கள். மாப்பிள்ளை ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் தள்ளுவார்கள். இறங்கி நடந்து போய்விடலாமே என்றால் அதுவும் முடியாது. வண்டியில் ஏறிய மாப்பிள்ளை மண்டபத்து வாசலில்தான் கால் ஊன்ற வேண்டும், நடுவில் ஊன்றினால் ஆகாது என்பது அவர்கள் ஐதீகம்.

இப்படி மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைகள் நிறையப் பேர். ஒருவர் சீட்டாட்டத்தை விட்டார். ஒருவர் பெண்டாட்டியைத் துபாய்க்குக் கூடவே அழைத்துப் போகிறேன் என்றார், சொன்னபடி அழைத்தும் போனார். நடுத்தெருவில் நாலு பேர் முன்னால் சொன்ன சொல் அல்லவா, மீற முடியாது.

உத்திராபதியின் மூத்த மருமகன் ஜெயப்பிரகாஷ் மாட்டியதுதான் இதில் விசேஷம். கடலூரில் திருப்பாப்புலியூர் பக்கம் சொந்தமாகக் கார் பட்டறை வைத்திருப்பவன். அவன் கல்யாணத்தில் வண்டி நின்றபோது மச்சான்கள் கூடிப் பேசி, ‘இந்த வண்டி உயிரோட இருக்கிற வரைக்கும் காசு வாங்காம நீங்கதான் பாத்துக்கணும்’ என்று கேட்டார்கள். பட்டு வேட்டி, சந்தனம், தலைகால் புரியாத சந்தோஷம். ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்து, ‘சரி’ என்று சொல்லித் தொலைத்தான்.

அந்த ஒரு சரியை அன்றிலிருந்து அனுபவித்துக்கொண்டிருக்கிறான். தீபாவளியா, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்காரும்போது போன் வரும். பொங்கலா, பானை பொங்கும் நேரத்துக்குப் போன் வரும். ‘மாப்ள, வண்டி சத்தம் ஒரு மாதிரி இருக்கு’ என்பார் மாமனார். உடனே சாமான் பையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு ஓட வேண்டும். அவனுக்கு மகள் பிறந்த செய்தி வந்தபோதுகூட அவன் அந்த வண்டிக்கு அடியில்தான் படுத்திருந்தான். செய்தி சொல்ல வந்தவர்கள் அவன் காலைப் பார்த்துத்தான் சொன்னார்கள். எத்தனையோ தடவை அந்த எஞ்சினைக் கையெடுத்துக் கும்பிட்டு, தயவு செய்து செத்துப் போ என்று வேண்டியிருக்கிறான். அது சாகவுமில்லை, ஒழுங்காக ஓடவுமில்லை.

இந்த நிலையில்தான் அவன் மச்சினி சத்யப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமனாருக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது, வண்டி எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ‘மாப்ள, நீங்களே கடலூருக்கு எடுத்துனு போய் தயார் பண்ணுங்க. பெயிண்ட் அடிங்க, சீட்டு மாத்துங்க, என்னா வேணா செய்யுங்க. எஞ்சின்ல மட்டும் கை வெச்சிடாதீங்க. அது ராசியான எஞ்சின்’ என்று சாவியைக் கொடுத்தார்.

ராசியாம் ராசி. யாருக்கு ராசி? ஜெயப்பிரகாஷ் கடலூர் வந்து சேருவதற்குள் இரண்டு தடவை இறங்கிப் பானெட்டைத் திறந்தான். இரண்டாவது தடவை மூடும்போது அவன் மனசில் ஒரு கள்ளச் சிரிப்பு முளைத்துவிட்டது.

புதுச்சேரியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற ஆள் ஒருவர் அவனுக்குப் பழக்கம். அவரிடம் கடைசிக் காலத்து அம்பாசிடர் ஒன்று வந்திருந்தது. பின்னால் லாரி மோதி டிக்கியெல்லாம் அப்பளமாகிவிட்டது. ஆனால் முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. அதில் இருந்தது பழைய எஞ்சின் இல்லை, பின்னால் வந்த புது ரக எஞ்சின். சாவியைத் தொட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். ஜெயப்பிரகாஷ் அந்த எஞ்சினை மட்டும் வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

செய்தியைக் கேட்ட அவன் மனைவி கனிமொழி, ‘அப்பா எஞ்சின்ல கை வெக்காதீங்கன்னாரே’ என்றாள். ‘நான் எங்க கை வெச்சேன்? அப்படியே தூக்கி வெளிய வெச்சிட்டேன்’ என்றான் இவன். வண்டியைப் பார்த்துக்கொள்வதாகத்தானே வாக்கு, பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாதபடி வண்டியை மாற்றினால் வாக்குத் தவறியதாகாது என்பது அவன் வாதம். கனிமொழி தலையில் அடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையை ரசித்துச் செய்தான். பழைய எஞ்சின் உட்கார்ந்திருந்த இடத்தில் புதுசு அப்படியே உட்காராது. தாங்கு கட்டைகளை அறுத்துவிட்டு வேறு வைத்துப் பற்றவைக்க வேண்டியிருந்தது. பழைய கியர் பெட்டியை இதோடு சேர்க்க நடுவில் ஒரு தட்டு வேண்டும், அதை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கினான். ரேடியேட்டரை முன்னால் தள்ளி வைத்தான். ஒயர்களை எல்லாம் பிரித்துப் போட்டுப் புதிதாக இழுத்தான். எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் மாற்றுகிற வேலையைக் கல்யாணம் முடிந்ததும் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தான். பழைய எஞ்சினை உடனே இரும்புக் கடைக்குக் கொடுத்து, அவர்கள் அதைச் சம்மட்டியால் உடைக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினான். அவ்வளவு ஆத்திரம் அவனுக்கு.

முதல் தடவை சாவியைத் திருப்பியபோது எஞ்சின் பிடித்த அழகைப் பார்த்து அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் தீபாவளி தீபாவளியாக இருக்கும் என்று நினைத்தான்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் சத்யப்பிரியா பட்டறைக்கு வந்தாள். கடலூரில் ஆபீஸ் மீட்டிங், போகிற வழியில் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. அவள் கால்நடை டாக்டர், கிள்ளையில் அரசு ஆஸ்பத்திரியில் வேலை. அந்தக் குடும்பத்திலேயே பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்ட முதல் ஆள். ஜெயப்பிரகாஷுக்குக் கல்யாணம் ஆனபோது பாவாடை தாவணியில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண் இப்போது கன்றுக்குட்டி தலை திரும்பியிருந்தால் முழங்கை வரை கையை விட்டு எடுத்துப் போடுகிறாள் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

அவளிடம் காட்டாமல் யாரிடம் காட்டுவது? பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். சத்யப்பிரியா தலையைச் சாய்த்து, மாட்டின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோலக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“மாமா, இது நிக்குமா?”

“நீ முன்னால நின்னு புடிச்சித் தள்ளுனாகூட நிக்காது” என்றான் பெருமையாக.

அவள் முகம் செத்துவிட்டது. பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். என்ன ஏது என்று விசாரித்தபோது மெதுவாகச் சொன்னாள்.

மாப்பிள்ளை அருண்பாண்டியன் நல்ல பையன்தான். குறிஞ்சிப்பாடி. அம்மா தங்கம்மாள் முந்திரிக் கொட்டை உடைக்கிற கம்பெனி வைத்திருக்கிறார். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று நடத்திப் பெரிசாக்கியவர். அவருக்கு மருமகள் வேலைக்குப் போவதில் இஷ்டமில்லை. கம்பெனிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தால் போதும் என்கிறார். டாக்டருக்குப் படித்த பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளப் பிடிக்கிறது, ஆனால் அந்தப் பெண் மாட்டுக்குள் கையை விடுவது பிடிக்கவில்லை. அருண்பாண்டியனிடம் கேட்டால், ‘பாத்துக்கலாம்’ என்கிறான். எதைக் கேட்டாலும் பாத்துக்கலாம். போனில் கேட்டாலும் பாத்துக்கலாம், நேரில் கேட்டாலும் பாத்துக்கலாம். நிச்சயதார்த்தத்தன்று பெரியவர்கள் பேசும்போது அவளே வாயைத் திறந்தாள். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதலில் பூ வைக்கலாம் என்று அடக்கிவிட்டார்கள்.

“கார் நிக்கும்ல, அப்ப கதிர்வேல் அண்ணன உட்டு கேக்கச் சொல்லியிருந்தேன் மாமா. என்ன வேலைய உடச் சொல்ல மாட்டேன்னு அவரு வாயால சொல்லணும். அந்த எடத்துல பாத்துக்கலாம்னு சொல்ல முடியாது. அத நம்பித்தான் கழுத்த நீட்டறேன்னு சொல்லியிருக்கேன்.”

கதிர்வேல் அவள் பெரியப்பா மகன், டிக்கியில் கை வைக்கிற கூட்டத்துக்குத் தலைவன்.

இந்த வாக்கு வாங்குகிற கூத்தை ஜெயப்பிரகாஷ் ஒரு விளையாட்டாக, தன்னை மாட்டிவிட்ட விளையாட்டாக மட்டும்தான் நினைத்திருந்தான். இத்தனை வருஷத்தில் அது இப்படியும் ஒருத்திக்கு உதவும் என்று அவன் மண்டையில் ஏறவே இல்லை. பழைய எஞ்சினைத் திரும்ப வைத்துவிடலாம் என்றால் அது சுக்கு நூறாகி உருக்குப் பட்டறைக்குப் போயாகிவிட்டது. அவளிடம், ‘கவலப்படாத, நிக்க வெக்கறது என் பொறுப்பு’ என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓடுகிற வண்டியை நிறுத்துகிற வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தான்.

வேலை ஒன்றும் பெரிசில்லை. புது எஞ்சினுக்குப் பெட்ரோல் கரண்டு பம்பில் போகிறது. அந்தப் பம்பின் ஒயரை வெட்டி ஒரு சின்ன சுவிட்சு வைத்து, டாஷ்போர்டுக்கு அடியில், பக்கத்து சீட்டில் உட்காருகிறவன் முழங்காலுக்கு நேராக ஒளித்து வைத்தான். தட்டினால் ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். திரும்பத் தட்டினால் ஓடும்.

வண்டியைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் ஒத்திகை பார்த்தான். ஆலப்பாக்கம் தாண்டி, ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துச் சுவிட்சைத் தட்டினான். வண்டி ஜோராக நின்றது. ஆனால் அம்பாசிடர் நின்றால் தள்ள வேண்டும் என்று நம் ஜனங்களுக்கு ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. ஆள் இல்லை என்று நினைத்த இடத்தில் டீக்கடை ஒன்று இருந்திருக்கிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆறேழு பேர் ஓடி வந்துவிட்டார்கள். வேண்டாங்க, வேண்டாங்க என்று இவன் சொல்வதைக் காதில் வாங்காமல், ‘செகண்ட் கியர்ல போடுப்பா’ என்று கத்திக்கொண்டே தள்ளினார்கள். சுவிட்சு இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவர்கள் மூச்சு வாங்கத் தள்ளி, இனிமேல் முடியாது என்கிற கட்டத்தில் இவன் மெதுவாகத் தட்டிவிட்டான். வண்டி பறந்தது. பின் கண்ணாடியில் அவர்கள் ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொள்வது தெரிந்தது. பக்கத்தில் கனிமொழி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மாமனார் வண்டியைப் பார்த்து வாயெல்லாம் பல்லானார். டாக்டர் சரி என்று சொல்லிவிட்டாராம், தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி உட்கார்ந்து தெருக்கோடி வரை ஒரு சுற்று போய்வந்தார். ஜெயப்பிரகாஷ் வாசலில் வேர்த்து விறுவிறுத்து நின்றான். அவர் இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்து, ‘நல்லா இருக்கு மாப்ள’ என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை. கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணியதில் காதும் மந்தமாகிவிட்டதாக்கும் என்று இவன் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டான்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் எல்லாம் திட்டப்படி நடந்தது. தெற்கு வீதி முனை திரும்பியதும் ஒரு இனிப்புக் கடை வரும். அங்கேதான் நிறுத்துவது என்று கதிர்வேலிடம் சொல்லி வைத்திருந்தான். வண்டிக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஓட்டுகிற மாமனாருக்குப் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். பின்னால் அருண்பாண்டியன், கழுத்து கொள்ளாத மாலையோடு. வண்டிக்குப் பக்கவாட்டில் தங்கம்மாள் தன் ஜனங்களோடு கம்பீரமாக நடந்து வந்தார். கனிமொழி பெண் வீட்டுக் கூட்டத்தில். கல்யாணப் பெண் மண்டபத்தில். ஆனால் கதிர்வேலின் கூட்டாளி ஒருவன் போனில் நேரலையாகப் பிடித்துக்கொண்டு வந்தான், சத்யப்பிரியா அலங்காரத்துக்கு நடுவில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது ஜெயப்பிரகாஷுக்குத் தெரியும். தவில் வெளுத்து வாங்கியது. அவன் கையை முழங்காலுக்குக் கீழே விட்டு, விரலைச் சுவிட்சுப் பக்கம் தயாராக வைத்துக்கொண்டான். முனை திரும்பியாயிற்று. இனிப்புக் கடைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போது வண்டி நின்றுவிட்டது.

இவன் சுவிட்சைத் தொடவே இல்லை. விரல் இன்னும் காற்றில்தான் இருந்தது. எஞ்சின் தானாக அடங்கிவிட்டது.

இந்த இடத்தில் ஜெயப்பிரகாஷ் செய்திருக்க வேண்டியது என்ன? ஒன்றும் செய்யாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது. நிற்க வேண்டிய வண்டி நின்றுவிட்டது, எப்படி நின்றால் என்ன? ஆனால் அவன் மெக்கானிக். தான் பார்த்துப் பார்த்து வைத்த எஞ்சின், இரும்புக் கடைக்குப் போன பழசு மாதிரி இல்லாத எஞ்சின், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. சத்யப்பிரியாவின் ஞாபகமும் போயிற்று, வாக்கும் மறந்து போயிற்று. ஐயையோ, என் எஞ்சினுக்கு என்ன ஆச்சு என்று பதறிக் கதவைத் திறந்து குதித்தான். டிக்கியில் கை வைக்க வந்த கதிர்வேல், ‘மாமா, ஒக்காருங்க, ஒக்காருங்க’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது காதில் விழவில்லை. பானெட்டைத் தூக்கி, பட்டுச் சட்டையோடு தலையை உள்ளே விட்டு ஒவ்வொரு ஒயராகப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

வெளிச்சம் வேண்டுமே என்று நல்ல மனசுக்காரன் ஒருவன் ஊர்வலத்துக்கு எடுத்து வந்த விளக்குக் குடையை வேறு பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தான். எஞ்சின் பளபளவென்று மின்னியது.

தங்கம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார், ஜெயப்பிரகாஷைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, பழைய வண்டி, பாவம், நின்னு நின்னு போவும்னு சொன்னாங்க. உள்ள புது எஞ்சின் இருக்கு. இது எப்படி நிக்கும்?”

தங்கம்மாளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்க பிள்ளைகிட்ட எதையோ கறக்கறதுக்குன்னே திட்டம் போட்டு நிறுத்தியிருக்கீங்க, இது சம்பந்தம் பண்ற லட்சணமா என்று அவர் பேச ஆரம்பித்தபோது தவில் தானாக ஓய்ந்தது. பையனை நம்ம வண்டியில் ஏற்று என்று யாரோ சொன்னார்கள். கால் கீழே படக் கூடாது என்று வேறு யாரோ சொன்னார்கள். ஜெயப்பிரகாஷ் திறந்த பானெட்டுக்கு முன்னால் மக்கு மாதிரி நின்றான். கழுத்தை நீட்டறேன் என்று சொன்னவளை இப்படிக் கவிழ்த்துவிட்டோமே என்று அவனுக்கு அழுகை முட்டியது. கனிமொழி பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது.

உத்திராபதி கதவைத் திறந்து சாவகாசமாக இறங்கினார். அவர் கையில் வண்டிச் சாவி இருந்தது.

“சம்பந்தியம்மா, வண்டி நிக்கல. நான் நிறுத்தனேன்” என்றார்.

தங்கம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

“இப்ப மட்டும் இல்ல. இந்த வண்டி எந்தக் கல்யாணத்துலயும் தானா நின்னது கெடையாது. எல்லாத்துலயும் நான்தான் துண்ட மேல போட்டு சாவிய திருப்பினேன். பொண்ணு பாக்க வர்றப்ப கேட்டா அப்புறம் பேசிக்கலாம்னு சொல்றாங்க. தாலி கட்டுன பிற்பாடு கேட்டா இப்ப எதுக்கு அந்தப் பேச்சுன்னு சொல்றாங்க. எங்கூட்டுப் பொண்ணுங்களுக்குக் கேக்கறதுக்கு நடுவுல இந்த ஒரு தெருதான் இருக்கு. வண்டி ஓடிக்கிட்டே இருந்தா இதுவும் போயிடும்.”

இதைச் சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கூட்டத்தில் பெண்கள் பக்கம் லேசாக ஒரு சலசலப்பு. துபாய்க்காரரின் மனைவி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜெயப்பிரகாஷ் மட்டும் ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். எல்லாத்துலயுமா?

“மாமா, என் கல்யாணத்துல?”

“நல்ல மெக்கானிக்கு லேசுல கெடைப்பானா மாப்ள?” என்றார் மாமனார். “நீங்க எஞ்சின மாத்தனது தெருக்கோடி போறதுக்குள்ளயே தெரிஞ்சிபோச்சி. சரி, ஆசப்பட்டு செஞ்சிருக்கீங்கன்னு உட்டுட்டேன்.”

மச்சான்கள் டிக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பன்னிரண்டு தீபாவளியோ பதிமூன்று தீபாவளியோ, எல்லாம் ஒரு சாவியைத் திருப்பியதில் போயிருக்கிறது. ஜெயப்பிரகாஷுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. கிழவர் செய்திருக்கிற வேலையைப் பார்த்தால் கும்பிடத்தான் தோன்றியது.

கதிர்வேல் பின் ஜன்னலில் குனிந்தான். மச்சான், எங்க சத்யா கிள்ளை ஆஸ்பத்திரி வேலையை விடக் கூடாது, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தள்ளுகிறோம் என்று தெரு முழுக்கக் கேட்கிறமாதிரி கேட்டான்.

அருண்பாண்டியன், ‘பாத்து’ என்று ஆரம்பித்தான். முன்னால் நிற்கிற மாமனாரின் இடுப்பைப் பார்த்தான். தன்னை நோக்கி நீட்டியிருந்த போனைப் பார்த்தான், அதற்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறாள் என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாலைக்குள் முகம் சிவந்து போயிற்று.

“எனக்கு சரிதான். நானே ஆஸ்பத்திரியில கொண்டுபோயி உடறேன். அம்மாதான்…” என்றான்.

அந்தப் பிள்ளை பாத்துக்கலாம் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முக்கால்வாசி முடித்தது அதுதான் முதல் தடவை. எல்லாரும் தங்கம்மாளைப் பார்த்தார்கள்.

ஊரான் தெருவில், தன் ஜனங்கள் முன்னால், கேட்டதைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எஞ்சின் பக்கத்தில் வந்து நின்றார். ‘இத ஒருதரம் ஓட்டுங்க’ என்று உத்திராபதியிடம் சொன்னார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உள்ளே கை விட்டுத் திருப்பினார். தொட்ட மாத்திரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தங்கம்மாள் முந்திரிப் பருப்பை உரசிப் பார்த்துத் தரம் சொல்கிறவர்போல அதையே கவனித்தார்.

“இத வெச்சது நீதானா தம்பி?”

“ஆமாங்க.”

“எங்கிட்ட ஒரு லோடு வண்டி இருக்கு. வாரத்துல பாதி நாளு பட்டறையிலதான் நிக்குது. பாக்கறவன் எல்லாம் என்ன ஏமாத்தறான். அது நிக்காம ஓடுனா கணக்கு எழுத நான் இன்னொரு ஆளப் போட்டுக்குவேன், மருமவ மாட்டாஸ்பத்திரிக்கே போவட்டும்.” தங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “அது உயிரோட இருக்கிற வரைக்கும் நீ பாத்துக்கறேன்னு சொல்லு. நானும் சரிங்கறேன்.”

தெரு முழுக்க ஜெயப்பிரகாஷ் பக்கம் திரும்பியது. தன்னிடம் வாங்கிய வாக்கு ஏமாற்றி வாங்கியது என்று தெரிந்து இன்னும் ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இனிமேல் அதெல்லாம் செல்லாது மாமா என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுத் தீபாவளிக்கு நிம்மதியாக எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காரலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது.

“எந்த வருஷத்து வண்டிங்க?” என்றான்.

“நான் வாங்குனதே ரெண்டாங்கையில. அதுவே உன் கல்யாணத்துக்கும் முன்னாடி இருக்கும்.”

மாமனார் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் மீசைக்கடியில் உதடு துடித்தது. கூட்டத்தில் கனிமொழியைத் தேடிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. சொல்லுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டுதான் இருந்தது. வழியில் தடங்கல் ஒன்றுமில்லை. கிளம்பு என்று யாராவது சொன்னால் வண்டி அப்போதே கிளம்பியிருக்கும். ஜெயப்பிரகாஷ் பானெட்டை இறக்கி, ரெண்டு கையாலும் அழுத்தி மூடினான்.

“சரிங்கம்மா” என்றான்.